ஆலிப்பாறையிலிருந்து கூப்பிட்டவர்

எபனேசர் இறந்து பதினொரு நாள் கழித்து, சோமசேகரன் தன் ரேடியோப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஹாஜிராவின் வீட்டுக்குப் போனார்.

ஹாஜிரா திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை பார்ப்பவர். வயது நாற்பது. சோமசேகரனுக்கு அறுபத்து மூன்று. வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஹாஜிராதான் அவருக்கு ஆசிரியை. பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கான ஹாம் உரிமத் தேர்வுக்காக மோர்ஸ் சங்கேதத்தைப் புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொடுத்தவர். அதனால் சோமசேகரனுக்கு அவர் டீச்சர்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். எனக்கு இனிமே வேண்டாம்.”

ஹாஜிரா பையைத் தொடவில்லை.

“போன ஞாயிற்றுக்கிழமை எபனேசர் அண்ணனுக்காக நம்ம குழுவே ஆலிப்பாறை ஏறுச்சு. நீங்க மட்டும் வரலை.”

“முழங்கால்...”

“முழங்காலா சார்?”

சோமசேகரன் தலை குனிந்துகொண்டார்.

அந்தக் குழுவில் பதினாறு பேர். மலை உச்சிக்கு ஏறி, தூண்டில் கழியை நட்டு, அதில் கம்பியைக் கட்டி ஆன்டெனாவாக்கி, கைக்கடக்கமான பெட்டியிலிருந்து கூப்பிடுவார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். நான்கு பேராவது பதில் சொன்னால்தான் அந்த மலையை ஏறியது கணக்கில் சேரும்.

எபனேசர் தான் ஏறாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து, ஏறியவர்களுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். காற்றில் கரைந்துபோகிற சத்தமாக இருந்தாலும் விடமாட்டார். புதிதாக வந்தவர் தடுமாறித் தடுமாறித் தட்டினால், அவரும் அதே வேகத்துக்கு இறங்கி வந்து தட்டுவார். குழுவில் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பதில் அவருடையது. சோமசேகரனுக்கும் அப்படித்தான்.

“அவர் கடைசியா ஆலிப்பாறை ஏறினாரே டீச்சர்... அன்னைக்கு அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

ஹாஜிரா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நானும் வரேன்னுதான் சொன்னேன். எல்லார் முன்னாடியும், ‘பாதியில உட்கார்ந்துட்டா உங்களை யாருங்க தூக்குறது’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு மொட்டை மாடியில உட்கார்ந்திருக்கேன். மோர்ஸ் தட்டுற கீ மேல கை இருக்கு. தெளிவாக் கேட்குது. கொஞ்சம் கூப்பிடட்டும்னு பதில் தட்டாம இருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு.”

அன்று எபனேசருக்கு மூன்று பேர்தான் பதில் சொன்னார்கள். ஒன்று குறைவாகவே அவர் மலை இறங்கினார். நான்காம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

“மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இல்லை. நான் என்ன செய்யறது டீச்சர்?”

“பெட்டியைக் கொடுக்கணும்னா மலை மேல வந்து கொடுங்க. வியாழக்கிழமை எனக்கு லீவு.”

வியாழக்கிழமை இருவரும் ஆலிப்பாறை ஏறினார்கள். சோமசேகரன் ஏழு இடத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபோதெல்லாம் ஹாஜிராவும் உட்கார்ந்தார், எழுந்தபோது எழுந்தார். கை கொடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. உச்சிக்குப் போனபோது பத்தரை மணி ஆகிவிட்டது. மொட்டைப் பாறை. சுற்றிலும் முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்து கிடந்தது.

சோமசேகரன் பெட்டியை எடுத்து நீட்டினார்.

“முதல்ல ஆன்டெனாவைக் கட்டுங்க.”

கட்டினார். பேட்டரியை இணைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

“கூப்பிடுங்க.”

கீயின் மேல் கை வைத்தவர் தயங்கினார். ரேடியோக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு ஒரு அழைப்புக்குறி உண்டு. அதுதான் காற்றில் அவருடைய பெயர்.

“ஒரே ஒரு தடவை அவரோட குறியில கூப்பிடட்டுமா டீச்சர்?”

“இல்லை. உங்க பேர்ல கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். காது கொடுத்தார். இரைச்சல்தான் இருந்தது. மறுபடி கூப்பிட்டார். வேலை நாள், யார் வீட்டில் இருப்பார்கள் என்று முதலில் ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தார். பிறகு கம்பியை அவிழ்த்து வேறு திசையில் இழுத்துக் கட்டினார். மறுபடி கூப்பிட்டார். முதுகில் வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பெயர்கள் எல்லாம் மனதிலிருந்து போய்விட்டன. தட்டுவதும் கேட்பதும், தட்டுவதும் கேட்பதும் மட்டும்தான் இருந்தது.

ஹாஜிரா ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து மலைவாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் போனது. சோமசேகரன் ஹெட்போனைக் கழற்றினார்.

“யாரும் பதிலுக்கு வரலை டீச்சர்.”

“யாருக்காவது கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கலாம். பேட்டரி நல்லாத்தான் இருக்கு.”

“கேட்டும் சும்மா இருந்திருப்பாங்களோ?”

சோமசேகரனின் முகம் மாறியது. “இருக்கலாம்.”

“அவங்க மேல கோபம் வருதா சார்?”

உடனே சொல்ல ஒரு பதில் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் யோசித்தார்.

“யாருன்னே தெரியாதே. கோபப்பட ஒரு முகம் வேண்டாமா? அடுத்த தடவை யாருக்காவது கேட்கும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணலை.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஹாஜிரா எழுந்து போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றார்.

கைகளை விலக்கிவிட்டு சோமசேகரன் கேட்டார்.

“அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?”

“எனக்கு எப்படித் தெரியும் சார்? அன்னைக்குப் பதில் சொன்ன மூணு பேர்ல நான் ஒருத்தி. அவ்வளவுதான்.”

“உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“‘நல்லாக் கேட்குது, நன்றி’ன்னார். உடனே திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார்.”

சோமசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றினார். பெட்டியை மூடி, இரண்டு கையாலும் பிடித்து ஹாஜிராவிடம் நீட்டினார்.

“வாங்கிக்குங்க டீச்சர். மலை மேல வந்து கொடுத்துட்டேன்.”

ஹாஜிரா மேற்கே பார்த்தார். மழைமேகம் இன்னும் எதிர்மலைக்கு அப்பால்தான் இருந்தது.

“மழை வர இன்னும் நேரம் இருக்கு சார். கூப்பிடுங்க.”