ஆளுக்கொரு அடி

வேங்கைமேட்டு ஜமீன்தாருக்கு ஆளைத் தூக்கில் போடுவதைவிட, அதற்கு முன்னால் விளையாடுவதில்தான் ருசி அதிகம். கூலியில்லாமல் கோட்டைச் சுவர் கட்ட மாட்டோம் என்ற மூன்று பேரைக் கட்டி, ஊர் நடுவே தூக்குக் கயிற்றுக்குக் கீழே நிறுத்திவிட்டு, தன் விளையாட்டுப் பலகையை எடுத்து வைத்தார்.

"என்னை ஜெயிக்கிறவன் இவனுங்களைக் கூட்டிட்டுப் போகலாம்."

அவருக்கு ஒரு மண் அரக்கன், எதிராளிக்கு மூன்று மண் சிப்பாய்கள். முதலில் அடிப்பது அரக்கன். ஒரு சுற்றில் அவன் மூன்று அடி அடிக்கலாம், உயிரோடு இருக்கும் சிப்பாய் ஒவ்வொருவனும் ஒன்றுதான். இரண்டு அடி வாங்கினால் சிப்பாய் செத்தான், மூன்று வாங்கினால் அரக்கன் செத்தான். சொன்ன அடியை மாற்றக்கூடாது. இதுவரை அவரை எவனும் ஜெயித்ததில்லை.

தினமும் அந்தப் பலகையைத் துடைக்கும் குருவம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். மூவரில் ஒருவன் அவள் தம்பி.

"சாமி எப்பவும் ஒருத்தனைக் கொன்னுட்டுத்தான் அடுத்தவன்கிட்ட போவீங்க. மூணு பேரை ஒண்ணா எதிர்க்கப் பயம்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஜமீன்தார் முகம் கறுத்தது.

"எவன்டி சொன்னான்? மூணு பேருக்கும் ஆளுக்கொரு அடி!"

அடித்தார். ஒரு சிப்பாயும் சாகவில்லை. குருவம்மா தன் மூன்று அடியையும் அரக்கன் தலையிலேயே போட்டாள்.

"சாமி மூணு பேரைப் பார்த்தீங்க. நாங்க ஒருத்தரை மட்டுந்தான் பார்த்தோம்."

கட்டு அவிழ்ந்த மூவரும் ஓடவில்லை. நின்று ஜமீன்தாரையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே பார்த்தது.