கனத்த அகப்பை

காட்டுக் கரடிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. தண்ணீர் அள்ளினால் வாய்க்கு வருவதற்குள் பாதி கொட்டிப்போகும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் முதல் தேனுக்குக் குளக்கரையில் பந்தி நடக்கும். தேன்கூட்டைக் கண்டுபிடித்த விலங்கே எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் ஊற்றும் உரிமை கைமாறிவிடும், திரும்பவும் கிடைக்காது. இந்த ஆண்டும் கூட்டைக் கண்டுபிடித்தது கரடிதான். அகப்பை பிடித்து ஊற்றுவதென்றால் அதற்கு உயிர்.

“பாவம் கரடி! இந்தத் தடவை நான் ஊத்துறேனே!” என்றது மரநாய். ஊற்றுகிற சாக்கில் நக்கலாமே!

“பாவம்! பாவம்!” என்று மற்றவையும் உச்சுக்கொட்டின.

மரங்கொத்திக்கு மனசு கேட்கவில்லை. மூங்கிலை மெல்லிசாகச் சீவி ஓர் அகப்பை செய்துவந்தது. “பிடிங்க அண்ணே! கையில இருக்கிறதே தெரியாது!”

கரடி அதைக் குளத்தில் முக்கி எடுத்தது. அகப்பை தடதடவென்று ஆடி, தண்ணீர் முழுக்க மரங்கொத்தியின் கொண்டையில் கொட்டியது. மரநாய் விழுந்து விழுந்து சிரித்தது.

“இன்னும் இலேசா செய்யட்டுமா அண்ணே?”

கரடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பாவம் பாவம்னு சொல்லியே எல்லாத்தையும் இலேசாக்குறீங்க! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எறும்பு தேடிப் பாறாங்கல்லைப் புரட்டுறப்போ என் கை ஆடுறதே இல்ல. எனக்குக் கனம் வேணும்!”

மரங்கொத்தி வெட்கப்பட்டது. ஆனாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டும் கெட்டிக்காரப் பறவை. பருத்த வேங்கை மரக் கட்டையில் புது அகப்பை செய்தது. கைப்பிடியைக் குடைந்து கூழாங்கல்லை நிரப்பியது.

“இன்னும் போடு. இன்னும்... ஆங், இதான் என் கைக்குச் சரி!” என்றது கரடி. கைப்பிடியின் துளையைத் தேன்மெழுகால் அடைத்தன.

பந்தி நாள் வந்தது. கரடி அகப்பையைத் தூக்கியதும் குரங்குகள்கூட மூச்சுவிடவில்லை. மானின் இலையில் ஊற்றியது, முயலின் இலையில் ஊற்றியது. கடைசியில் மரநாய்! அது வேண்டுமென்றே இலையை ஆட்டியது.

“உனக்கென்னப்பா கை நடுங்குது? பாவம்!” என்றது கரடி.

பந்தியே கொல்லென்று சிரித்தது. மரநாயின் கை தானாக நின்றது. தேன் நூலாக இறங்கி இலையின் நடுவில் விழுந்தது.

“ஒரு சொட்டுகூடச் சிந்தல!” என்று காடே கத்தியது. கரடி அகப்பையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்று ஆடியே விட்டது!

பாவம் என்று சொல்லுமுன், என்ன வேண்டும் என்று கேளுங்கள்.