நாற்பத்தாறு மதிப்பெண் வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திலகவதி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தபால் அம்மா என்று எல்லோரும் அழைக்கும் திலகவதி ஒன்று. பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் நாகரத்தினம் இரண்டு. ஆட்டோ ஓட்டும் சலீம் மூன்று. ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தெய்வநாயகம் நான்கு. அவர் மனைவி பங்கஜம் ஐந்து. பங்கஜத்தின் மடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு. அதில் பூரணம் வைத்துப் பொரித்த சுழியம் இருபத்து நான்கு.

திலகவதிக்கு வயது நாற்பத்தைந்து. தெய்வநாயகத்துக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் தெய்வநாயகம்தான் சீடர்.

ஊருக்குத் தெற்கே மூன்று நகர்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் பத்தொன்பது வருடமாகத் தபால் கொடுப்பவர் திலகவதி. தபால் வாங்க வருகிறவர்கள் சிலர் அவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த வார்த்தை கேட்டவரை இரண்டு நாள் சும்மா இருக்கவிடாது. அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் இவர்கள்.

ஆளுக்கு இரண்டு சுழியம் ஆயிற்று. தெய்வநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டை எடுத்து வைத்தார்.

"அம்மா, இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லணும்."

"என்ன சொல்லணும் ஐயா?"

"எந்த வீட்டை வாங்குறோம்னு, வீட்டுக்காரங்களுக்கு."

பங்கஜம் தூக்கின் மூடியை அழுத்தி மூடினார்.

"முப்பத்து நாலு வருஷம் அம்மா. ஒன்பது குவார்ட்டர்ஸ். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே பச்சை ஜன்னல். ராத்திரி எழுந்தா எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாது. இப்பதான் சொந்தமா ஒண்ணு. அது ஒண்ணே ஒண்ணுதான். இன்னொரு தடவை வாங்க எங்களுக்குத் தெம்பு கிடையாது. இருக்கிற வாடகை வீட்டையும் இந்த மாசக் கடைசியில காலி பண்ணணும். இவர் இன்னும் மார்க் போட்டுக்கிட்டே இருக்கார்."

"எத்தனை வீடு பார்த்தீங்க?" என்றார் திலகவதி.

"நாற்பத்து மூணு" என்றார் தெய்வநாயகம்.

"எப்படி இருந்தது?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் முகம் மலர்ந்தது.

"குறிஞ்சி நகர் இருக்கே அம்மா, அங்கே ஒரு வீடு மாதிரி இன்னொன்று இல்லை. ஒருத்தர் மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைத் தாமரைப் பூவாட்டம் கட்டியிருக்கார். பக்கத்து வீட்டுக்காரர் விமானமாகவே கட்டிட்டார். பால்கனி ஒண்ணு வட்டம், ஒண்ணு அலை அலையா. கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்துல கிளிப்பச்சை. சொன்னா சிரிப்பாங்க. நேர்ல பார்த்தா அந்தத் தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"செண்பகா கார்டன்?"

"அது வேற அழகு. அறுபது வீடும் ஒரே அச்சு. வெள்ளையும் சாம்பலும். கண்ணாடிக் கைப்பிடி. நூல் பிடிச்ச மாதிரி ஒரே உயரத்துல கூரை போகுது. கடைசி வீட்டுக்கிட்ட நின்னு பார்த்தா தண்டவாளம் பார்க்கிற மாதிரி மனசு நேராயிடுது."

"குவார்ட்டர்ஸ் ஞாபகம் போகலை இவருக்கு" என்றார் பங்கஜம். சலீம் சிரித்துவிட்டார்.

"தென்றல் நகர்?"

"பூசாத செங்கல் அம்மா. ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல அரை அங்குலம், எங்கேயும் பிசகலை. நான் அளந்து பார்த்தேன். மேலே ஓடு. சாயங்கால வெயில் பட்டா சுவரே பழுத்த மாதிரி இருக்கும்."

அவர் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எலிவேஷன் என்கிற முகப்புக்கு இருபது, பால்கனிக்குப் பத்து, வாசல் கதவுக்குப் பத்து, கேட்டுக்கு ஐந்து, வண்ணத்துக்கு ஐந்து. மொத்தம் ஐம்பது.

"உள்ளே?" என்றார் நாகரத்தினம்.

"நம்ம வசதிக்கு எல்லா வீட்டிலும் இரண்டு படுக்கை அறைதான். அதனால உள்ளுக்கு மார்க் இல்லை. எல்லாருக்கும் பொது."

"ரொம்ப நியாயம்" என்றார் நாகரத்தினம்.

தெய்வநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. "கடைசியில இரண்டு நிக்குது. குறிஞ்சி நகர் பதினாலாம் எண், நாற்பத்தாறு. தென்றல் நகர் ஒன்பதாம் எண், நாற்பத்தைந்தரை. அரை மார்க்கை நம்பி ஆயுசுக்கும் ஒரு வீட்டை எப்படி அம்மா எடுக்கிறது? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

திலகவதி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

"தென்றல் நகர் ஒன்பதுக்கு எதிர்ல என்ன இருக்கு ஐயா?"

தெய்வநாயகம் நோட்டைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கத்துக்கே வந்தார்.

"எதிர்லயா?"

"ம்."

"கவனிக்கலை."

"எத்தனை தடவை போனீங்க?"

"மூணு தடவை."

திலகவதி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "சலீம், வண்டியை எடு தம்பி. அந்த நாற்பத்தாறைப் பார்த்துட்டு வரலாம்."

நாகரத்தினம் வரவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு என்று இரண்டு சுழியத்தை இலையில் மடித்துக்கொண்டு போனார். மற்ற நான்கு பேரும் கிளம்பினார்கள்.

குறிஞ்சி நகர் மூன்றாம் தெருவில் ஆட்டோ நின்றதும் தெய்வநாயகம்தான் முதலில் இறங்கினார். பதினான்காம் எண் வீட்டை எட்டாவது முறையாகப் பார்த்தாலும் அவர் அண்ணாந்தபடியேதான் நின்றார். கடல் நீலச் சுவர். கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் பிடித்த சிமெண்டுப் பூக்கள். வளைந்து வளைந்து போகும் பால்கனி. கேட்டில் இரண்டு மயில்கள்.

சாவியோடு அந்தோணி மேஸ்திரி நின்றிருந்தார். பதினான்கையும், எதிரே இருக்கும் பதினேழையும் கட்டியவர் அவர்தான். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. வெளியூரில் இருந்தார். இரண்டுமே விலைக்கு இருந்தன.

"வாங்க சார். இன்னைக்காவது முடிவா, இல்லை இன்னும் அரை மார்க் பாக்கி இருக்கா?" என்றார் மேஸ்திரி.

பங்கஜம் தூக்கைத் திறந்து நீட்டினார். மேஸ்திரி கூச்சப்படாமல் மூன்று எடுத்தார். சலீம் இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திலகவதி, கதவு திறந்ததும் தெய்வநாயகத்தைக் கூப்பிட்டு, நிலைப்படியில் நிற்கச் சொன்னார்.

"வெளியே பார்த்து நில்லுங்க."

நின்றார்.

"வீடு வாங்கியாச்சு. பால் காய்ச்சியாச்சு. மறுநாள் காலையில கதவைத் திறக்கிறீங்க. இப்ப உங்க வீட்டைப் பாருங்க ஐயா."

தெய்வநாயகம் கழுத்தைத் திருப்பினார். கதவு விளிம்பு தெரிந்தது. மேலே பார்த்தார். பால்கனியின் அடிப்பக்கம், பூசாத சிமெண்டு, ஒரு விளக்கு மாட்டும் ஓட்டை.

"தெரியலையே அம்மா."

"நேரா என்ன தெரியுது?"

நேரே பதினேழாம் எண் தெரிந்தது. சின்ன வீடு. சந்தன நிறம். கேட்டில் மயில் இல்லை, கம்பிதான். அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வாசலில் அகலமான மூன்று படி மட்டும் இருந்தது. அந்த வீட்டுக்கான பக்கம் அவருக்கு நினைவிருந்தது. நோட்டில் இருபத்து மூன்றாம் வீடு. முப்பத்தொரு மதிப்பெண்.

அந்த முப்பத்தொரு மதிப்பெண் வீட்டின் மூன்றாவது படியில் பங்கஜம் உட்கார்ந்திருந்தார். எப்போது தெருவைத் தாண்டிப் போனார் என்று தெரியவில்லை. தூக்கு பக்கத்தில் இருந்தது.

"பங்கஜம், அங்கே என்ன பண்றே? நாம பார்க்க வந்தது இந்த வீடு!"

"அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

தெய்வநாயகம் அவரைக் கூட்டிவரத் தெருவைக் கடந்தார். படிக்கு வந்ததும், "எழுந்திரு" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இப்படி உட்காருங்க ஒரு நிமிஷம்."

உட்கார்ந்து திரும்பினார்.

எட்டு முறை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த வீடு இது. ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் பால்கனியின் வளைவு அப்படியே மேலேறி, கைப்பிடிச் சுவர்ப் பூக்களில் போய் முடிந்தது. பூக்களுக்குப் பின்னால், தெருவில் நின்றால் தெரியவே தெரியாத இடத்தில், தண்ணீர்த் தொட்டி பாதி விரிந்த மொட்டாக இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே கொடி. அவர் கை தானாக நோட்டைத் தேடியது.

அந்தோணி மேஸ்திரி விரலை நக்கிக்கொண்டே பின்னால் வந்தார்.

"எலிவேஷன் வேலையை நாங்க எதிர்ல உட்கார்ந்துதான் சார் பார்ப்போம். ரோட்டுல நின்னா ஒண்ணும் பிடிபடாது. முதல்ல இந்தப் பதினேழைக் கட்டி முடிச்சு, இதுல சாமான் போட்டு வச்சிருந்தேன். தினமும் இந்தப் படியில உட்கார்ந்து, 'அந்த வளைவை ரெண்டு அங்குலம் இறக்குடா'ன்னு கத்துவேன். அந்த முகம் முழுக்க இங்கே உட்கார்ந்து பண்ணினதுதான்."

"இங்கிருந்து எத்தனை மார்க் ஐயா?" தெருவின் நடுவில் நின்று திலகவதி கேட்டார்.

தெய்வநாயகம் கணக்குப் போட்டார். ஒருமுறை போட்டதை மறுபடி சரிபார்த்தார்.

"நாற்பத்தொன்பது."

"அந்த வீட்டை வாங்கினா?"

அவர் எதிர் வாசலைப் பார்த்தார். "கதவைத் திறந்தா எனக்கு முப்பத்தொண்ணுதான் தெரியும்."

பங்கஜம் சிரிக்கவில்லை. பார்த்த நாற்பத்து மூன்று வீட்டில் இருபத்து நான்காவதில் இருந்து அவர் கணவரோடு வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார். அது ஏன் என்று தெய்வநாயகம் கேட்டதில்லை. இருபத்து மூன்றாவது வீட்டின் இந்தப் படியில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்து, "இது நல்லா இருக்குங்க" என்று பங்கஜம் சொன்னதும், தான் நோட்டைக் காட்டி "முப்பத்தொண்ணு" என்று சொன்னதும் அவருக்கு இப்போது நினைவு வந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. நீங்கதான் மார்க்கைச் சொன்னீங்க."

தெய்வநாயகம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மணி பதினொன்றே முக்கால்.

"மேஸ்திரி, உங்க ஓனருக்குப் போன் போடுங்க. பதினேழுன்னு சொல்லுங்க."

"சார், பதினேழா? பதினாலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பதினேழு."

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார். பங்கஜம் தூக்கைத் திறந்து ஒரு சுழியத்தைக் கணவர் கையில் வைத்தார். தான் ஒன்று எடுத்துக்கொண்டார். தெய்வநாயகம் தன்னுடையதைத் தின்று முடித்து இன்னொன்றும் எடுத்தார். பாதி கடித்தவர் நிறுத்தினார். கடல் நீல வீட்டின் வெறும் வாசலையே பார்த்தார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"அந்தப் பதினாலை யாரோ ஒருத்தர் வாங்குவாங்க இல்லையா? நம்மள மாதிரி ஆசை ஆசையாக் குடிவருவாங்க. தினமும் கதவைத் திறந்தா அவங்களுக்கு இந்த முப்பத்தொண்ணுதானே? நான் நாற்பத்தொன்பதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அது தப்பில்லையா?"

திலகவதி திரும்பி நடந்து பதினான்காம் எண் வீட்டுக்குப் போனார். மயில் கேட்டைத் தாண்டி, திறந்திருந்த நிலைப்படியில் ஏறி நின்று, இந்தப் பக்கம் பார்த்தார். தபால் கொடுத்துவிட்டு ஆள் வரக் காத்திருப்பவர்போல் வெகுநேரம் நின்றார்.

தெய்வநாயகத்தால் பொறுக்க முடியவில்லை. மீசையில் ஒட்டிய பூரணத்தைக்கூடத் துடைக்காமல் குரல் கொடுத்தார்.

"அங்கிருந்து எத்தனை அம்மா?"

"ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றார் திலகவதி.

தெய்வநாயகம் நோட்டைத் திறக்கவில்லை. பங்கஜம் தூக்கை எட்டிப் பார்த்தார். ஐந்து சுழியம் மிச்சம் இருந்தது.