செவலையோட சட்டி

ஒரு ஊர்ல ஒரு வேட்டைநாய்க் கொட்டில் இருந்தது. அன்னைக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னு முதல்லயே சொல்லிடறேன், நடுவுல எழுந்து உட்கார்ந்து கேட்கக் கூடாது. ஜமீன்தார் வன்னியத்துரை. நாய்களைப் பார்த்துக்கிற இருளாயி. கருவாயன், கொடிவால், ஊமையன், மின்னல், புதுசா வாங்கி வந்த சுல்தான். வாசலுக்கு வெளியே புளியமரத்துல கட்டிப்போட்ட கிழட்டுப் பெட்டை, செவலை. அவ்வளவுதான். ம் சொல்லு.

"ம்."

இருளாயிக்கு விடிஞ்சா நாய் வேலைதான். கொட்டிலைக் கழுவணும். காதுமடலை விரிச்சு உண்ணி பிடுங்கணும். பாதத்தைத் திருப்பி முள் எடுத்து, எடுத்த இடத்துல வேப்பெண்ணெய் தடவணும். அப்புறம் கம்பங்கூழ் காய்ச்சி ஆறவைக்கணும். கூழ் ஊத்தும்போது ஒரு சட்டம் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்ட நாய்தான் சட்டியில வாய் வைக்கலாம். செவலையை வெளியே கட்டறதுக்கு முந்தி, முதல் பேர் அதோடதுதான். அது ஒரு வாய் நக்கினாத்தான் அடுத்த பேர். குட்டியிலேயே அப்படிப் பழக்கலைன்னா, சோத்துக்காக ஒண்ணை ஒண்ணு குதறிடும்.

அப்புறம் ஒரு வேட்டை. செவலைக்கு வயசாகிப்போச்சு, ஓட்டத்துல பின்தங்கிடுச்சு. முன்னால நின்னு மறிக்க அது இல்லாத நேரம் பார்த்து, காட்டுப்பன்னி ஜமீன்தாரோட செல்ல நாயைக் குத்திக் கிழிச்சுட்டது. அவர் அதை மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் கிட்டப் போகலை.

எழுந்ததும், "ஏட்டி இருளாயி, செவலையை வெளியே கட்டு. அடுத்த வாரம் சந்தைக்குப் போற வண்டியில ஏத்திவிடு. அதோட பேர் இனிமே கொட்டிலுக்குள்ள கேட்கக் கூடாது. சுல்தான்தான் முதல்"னார்.

"சரி சாமி"ன்னா இருளாயி. வேற என்ன சொல்ல முடியும்?

முதல் நாள் கூழை ஊத்தி, "சுல்தானு!"ன்னா. அது பாவம், சட்டம் தெரியாம சட்டிக்கு ஓடினது. மத்த நாலும் "உர்ர்ர்ர்"ருன்னது. சுல்தான் வாலைக் காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டது. ஒண்ணும் தின்னலை.

ரெண்டாம் நாள் கூழ்ல கறித்துண்டு போட்டா. எச்சில் சொட்டுச் சொட்டுன்னு தரையில விழுந்தது. ஒண்ணும் தின்னலை. தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மூணாம் நாள் ஜமீன்தாரே சாட்டையோட வந்தார். சளீர்! "தின்னுங்கடா!" அப்போ அஞ்சும் அப்படியே படுத்துடுச்சு. விலா எலும்பு ஒவ்வொண்ணும் தெரிஞ்சது.

"என்னட்டி மருந்து வெச்சே இதுகளுக்கு?"

"நான் பழக்கின பழக்கம்தான் சாமி மருந்து. நல்லதுக்குன்னு பழக்கினேன். இப்ப அதுவே கொல்லுது."

"அப்ப அந்தப் பேரைச் சொல்லித் தொலையேன்!"

"நான் சொல்லுவேன். அப்புறம் வண்டியில என்னையும் ஏத்துவீங்க. வேண்டாம்னது நீங்க, நீங்களே கூப்பிடுங்க."

ஜமீன்தார் குனிஞ்சார். ஊமையனோட விலாவைப் பார்த்தார். அப்புறம், "செவலை"ன்னார், மெதுவா.

புளியமரத்துல கயிறு விர்ருன்னு இழுபட்டது. இருளாயி ஓடிப்போய் அவிழ்த்துவிட்டா. டக்... டக்... டக்... நொண்டிக்கிட்டே வந்தது செவலை. நேரா சட்டிக்குப் போகலை. முதல்ல அவர்கிட்டப் போய், செத்துப்போன நாயைத் தாங்கின கையை மோந்து பார்த்தது. அப்புறம் சட்டியில ஒரே ஒரு நக்கு நக்கிட்டு ஒதுங்கி நின்னது.

"கருவாயா! கொடிவாலு! ஊமையா! மின்னலு! வா சுல்தானு, நீயும் வா!"ன்னு வரிசையாக் கூப்பிட்டா இருளாயி.

சளப் சளப் சளப் சளப்.

ஜமீன்தார் சாட்டையைச் சுவர்ல சாத்தினார். புளியமரத்துல தொங்கின கயித்தை அவிழ்த்தார். அதைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து போயிட்டார்.

அவர் போனார், கதையும் அவரோட போனது. கண்ணை மூடு.