பதினேழாவது டியூப்

பூபதிக்கு நாற்பத்தொரு வயசு. பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்கிறவர். வழிகாட்டி செலின் மேடம் அவரைவிட எட்டு வயசு சின்னவர். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் புரதத்தில். மூன்று வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்தது. மாவைக் கரைக்கிற சாதி. நாளைக் காலை ஆய்வுக் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். அதன் அளவு சரியாக வராவிட்டால் இன்னொரு வருஷம் போச்சு.

நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே ஓட்டை ஓட்டையான பொடி மணிகள். சின்னப் புரதம் ஓட்டைக்கு ஓட்டை நுழைந்து மெதுவாக வரும். பெரியது எதிலும் நுழைய முடியாமல் நேரே இறங்கிவிடும். கீழே சொட்டுவதை வரிசையாக டியூப் டியூபாகப் பிடிக்க வேண்டும். பூபதியுடையது சின்னது. இருபத்து நாலாவது டியூபில் சொட்ட வேண்டும்.

பதினேழிலேயே சொட்டிவிட்டது.

"குழாய் கெட்டுப்போச்சு மேடம்."

"அளவு தெரிஞ்ச புரதத்தை விட்டுப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் ஒழுங்கா வருது. இதுதான் அடம் பிடிக்குது."

"அப்போ ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு வருதோ என்னவோ."

"ஒட்டியிருந்தா பிரிச்சுட்டாப் போச்சு!"

மேடம் மறுக்கவில்லை. அழுகின முட்டை நாற்றமடிக்கிற பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஒட்டியதைப் பிரிக்கிற மருந்து. "புரதத்துல பாதியில மட்டும் போடுங்க."

பக்கத்து மேசை ஷம்லா மூக்கைப் பொத்தினாள். "விவாகரத்துக்கு இவ்ளோ அவசரமா சார்?"

"சும்மா இரும்மா."

சாயங்காலம் மருந்து போட்ட பாதி இருபத்து நாலாவது டியூபில் கச்சிதமாகச் சொட்டியது. மருந்து பொடிசு, எல்லாத்துக்கும் கடைசியில் தனியாக வந்து சேர்ந்தது.

"பார்த்தீங்களா மேடம்! நான் சொன்ன இடம்!"

மேடம் இரண்டு கிண்ணத்தில் மாவுக்கஞ்சி ஊற்றினார். ஒன்றில் பதினேழு. இன்னொன்றில் இருபத்து நாலு. கொஞ்ச நேரம் விட்டு, இரண்டிலும் அயோடின்.

வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூபதியே செய்து காட்டுகிற சோதனைதான். மாவு மிச்சமிருந்தால் நீலம்.

பதினேழு ஊற்றிய கிண்ணத்தில் நீலமே இல்லை. மற்றது மை மாதிரி கறுத்தது. பூபதி அதைக் குலுக்கினார். மறுபடி குலுக்கினார். மைதான்.

"தனியா விட்டா மாவைத் தொடவே மாட்டேங்குது."

"ம்."

"தனியாத்தான் இருக்கும்னு கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துட்டேனே மேடம்."

"நீங்க எழுதினதை அது படிக்கலையே பூபதி சார்."