முதல் முக்கு யாருக்கு

ஒரு பால் சொசைட்டியில் பால்மானியும் வெப்பமானியும் ஒரே டம்ளரில் குடியிருந்தன. பால்மானிக்கு வெப்பமானியைக் கண்டாலே ஆகாது.

காரணம் இருக்கிறது. யார் பால் கொண்டுவந்தாலும் சோதனை பார்க்கிற சோலைமலை முதலில் வெப்பமானியைத்தான் முக்குவார். அப்புறம்தான் பால்மானிக்கு முறை. அது மிதந்து அடர்த்தியைக் காட்டினாலும், மனுஷன் அப்படியே எழுதமாட்டார். வெப்பமானி காட்டிய சூட்டுக்குச் சுவரிலுள்ள பட்டியலைப் பார்த்து ரெண்டோ மூணோ கூட்டித்தான் எழுதுவார். ஏன் கூட்டுகிறோம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"தண்ணி கலந்திருக்கா இல்லையான்னு சொல்றது நான். என் பேச்சைத் திருத்த இந்தப் பய யாரு?" என்று பால்மானி வயிறெரிந்தது.

வெப்பமானி பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தது. சூடாக இருந்தால் பாலின் அடர்த்தி குறையும், நீ ஆழமாக அமிழ்வாய். ஆறினால் மேலே வருவாய். அந்த வித்தியாசத்தைத்தான் நான் சொல்கிறேன் என்றது. பொறாமைக்காரன் காதில் எது ஏறும்?

ஒருநாள் கழுவித் துணியில் வைத்திருந்தபோது பால்மானி உருண்டு வந்து ஒரே இடி. வெப்பமானி கீழே விழுந்து நொறுங்கியது. ஒருநாள் அது இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று சோலைமலை துண்டுகளைக் கூட்டிக் குப்பைவாளியில் போட்டார். பால்மானிக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அன்று முதல் ஆளாக வந்தவள் அங்கம்மா. பக்கத்து வீடு என்பதால் கறந்த சூட்டோடு வந்திருந்தாள். மற்றவர்கள் தூரத்திலிருந்து வருகிறவர்கள், வழியிலேயே பால் ஆறிவிடும். பால்மானி அவள் பாலில் ஜம்மென்று இறங்கி, இருபத்தைந்தில் போய் நின்றது. தண்ணி கலக்காத பாலென்றால் இருபத்தெட்டாவது காட்டவேண்டும்.

"தண்ணி கலந்திருக்கே தாயி. எடுத்துட்டுப் போ" என்றார் சோலைமலை.

வரிசையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பதினோரு வருஷமாகப் பால் ஊற்றுகிறவளுக்கு அவமானத்தில் முகம் கருத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. வாளியை மூடித் தண்ணீர்த்தொட்டியில் இறக்கிவைத்து, எல்லார் கண்முன்னாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வரிசை கரைந்ததும் எழுந்தாள்.

"இப்ப முக்கிப் பாருங்கண்ணே."

பால்மானி இருபத்தெட்டில் நின்றது.

சோலைமலைக்கு வெட்கமாகிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பால்மானியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே பாலுக்கு ரெண்டு பேச்சு. இது கெட்டுப்போச்சு."

பால்மானி பதறியது. "மாறினது நானில்லை, சூடு. நம்பலைன்னா வெப்பமானியைக் கேளுங்க."

அதுதான் குப்பைவாளியில் சில்லுசில்லாகக் கிடந்ததே.