தண்ணித் தொட்டி ஏறின பூச்செண்டு

ஒரு ஊர்ல ஒரு பூச்செண்டு இருந்தா. பேருதான் பூச்செண்டு. ஆளு, கோதுமை மூட்டைய ஒத்தக் கையால இழுத்துப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்குற ஆளு. மாவு மில்லு வச்சிருந்தா. கடகடகடன்னு மில்லு ஓடும், புஸ்ஸுன்னு மாவு பறக்கும், சாயங்காலம் வெளிய வர்றப்ப புருவம்கூட வெள்ளையா இருக்கும். அவ புருசன் பேரு மலைச்சாமி. அவரு மலையப் பாத்ததே கிடையாது. ஏன்னா அந்த ஊரு அப்படி. தோசைக்கல்லு மாதிரி தட்டை. ஒரு ஆடு வரப்பு மேல ஏறி நின்னா ஊரே அண்ணாந்து பாக்கும்.

ம் சொல்லு. சொல்லலைன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன். எனக்கும் தூக்கம் வருதுல்ல?

ம். அப்படி வா வழிக்கு.

அந்த ஊர்ல ஒசரமானது ஒண்ணே ஒண்ணுதான். தண்ணித் தொட்டி. வானத்துக்கும் பூமிக்குமா தூணு, அதுக்கு மேல தொட்டி, சுத்திச் சுத்திப் போற படி. உள்ள தண்ணி மட்டும் கிடையாது. கட்டினவங்க கட்டிட்டுப் போயிட்டாங்க, தண்ணி விட வேண்டியவங்க இன்னும் வந்து சேரல. அதுவரைக்கும் காலியா கெடக்க வேணாமேன்னு புறா குடியிருந்துச்சு.

அப்போ ஒரு நாள், பூச்செண்டோட அக்கா மக மஞ்சரி பெங்களூர்லேர்ந்து போன் பண்ணினா. "சித்தி, எங்க ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் சேந்து இமயமலைக்கு நடக்கப் போறோம். மூணு கணவாய் தாண்டணும்"னா. கணவாய்னா தெரியுமா உனக்கு? ரெண்டு மலைக்கு நடுவுல அந்தப் பக்கம் தாண்டிப் போற வழி. அங்க பஸ் கிடையாது, வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. பனிதான். காத்துகூட அங்க கஞ்சத்தனமாத்தான் இருக்கும், நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும். இதெல்லாம் சொல்லிட்டு, போன வைக்கிறதுக்கு முன்னாடி மஞ்சரி மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னா. "நீயும் வாயேன் சித்தி."

"சரி, வர்றேன்"னா பூச்செண்டு.

மரியாதைக்குக் கூப்பிட்டா வர்றேன்னு சொல்லக் கூடாதுன்னு பூச்செண்டுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

ஏன் சரின்னு சொன்னான்னு அவளுக்கே தெரியல. மில்லுக்கு வர்றவங்க "நைசா அரை"ம்பாங்க, "கொரகொரன்னு அரை"ம்பாங்க. வீட்டுல "ரசம் வை"ம்பாங்க. உனக்கு என்ன வேணும்னு அவகிட்ட யாரும் கேட்டதில்ல, அவளும் தன்னையக் கேட்டுக்கிட்டதில்ல. மஞ்சரி வாயேன்னதும் வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு எந்திரிச்சு உக்காந்துச்சு. எனக்கு இது வேணும்னு. அவ்வளவுதான்.

மஞ்சரி கெட்டிக்காரி. "சித்தி, சும்மா வர முடியாது. முதுகுல பாரத்தோட நிக்காம மேல ஏறணும், எறங்கணும். அப்படி ஏறிப் பழகினாத்தான் கூட்டிட்டுப் போவாங்க"ன்னா. அந்த ஊர்ல ஏற எதுவுமே இல்லைன்னு அவளுக்குத் தெரியும். ஒரு முதுகுப் பையும் ஒரு ஷூவும் அனுப்பி வச்சா. அதோட தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சிருப்பா, பாவம்.

பூச்செண்டு ஷூவ மாட்டினா. சேலைய முழங்காலுக்கு ஏத்திச் செருகினா. மில்லுல இருந்த எடைக்கல்லு எல்லாத்தையும் பைக்குள்ள அள்ளிப் போட்டா. "ஏ புள்ள, கல்லை எடுத்துட்டா நான் எப்படி மாவு நிறுக்கிறது?"ன்னாரு மலைச்சாமி. "குத்துமதிப்பாக் குடுங்க, இத்தனை நாளும் அப்படித்தானே குடுத்தீங்க"ன்னுட்டு நேரா தண்ணித் தொட்டிக்கு நடந்தா.

தொம். தொம். தொம். படி அதிருது. மேல போய்ச் சேந்தப்ப மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது, பேச்சு வரல. புறா எல்லாம் படபடன்னு பறந்து போச்சு. அப்புறம் கீழ பாத்தா, ஊரே நிக்குது.

ஏன் நிக்குது? அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு கண்ணு. ஒருத்தர் தண்ணித் தொட்டி மேல ஏறினா, அவருக்குக் கோரிக்கை இருக்குன்னு அர்த்தம். மனு குடுத்து, நடையா நடந்து, ஒண்ணும் நடக்கலைன்னா கடைசியில மேல ஏறிக்குவாங்க. உடனே ஜீப்பு வரும். கீழ இருந்து கேட்டா கேக்காதவங்களுக்கு மேல இருந்து கேட்டா காது நல்லாக் கேக்கும்.

டுர்ர்ர்ருன்னு ஜீப்பு வந்துச்சு. அதிகாரி எறங்கினாரு, "அம்மா, என்ன கோரிக்கை?"ன்னாரு. பூச்செண்டுக்குத்தான் மூச்சே திரும்பலையே, கையக் கைய ஆட்டுறா. பக்கத்துல ஊர்த் தலைவர் காத்தமுத்து நின்னாரு. அடுத்தவங்க வாய் பேசாத நேரத்துல வாயாடுறதுக்குன்னே பொறந்த மனுசன். "வேறென்ன சார், தண்ணிதான். தொட்டி கட்டி எத்தனை காலமாச்சு. மதினி தண்ணி வராம எறங்காதாம்"னாரு.

"வரும், வரும், எறங்கச் சொல்லுங்க"ன்னாரு அதிகாரி. வந்துச்சு கண்ணு. ஒரு வாரத்துக்குள்ள குழாயில சொர்ர்ர்ருன்னு தண்ணி. புறாவுக்குத்தான் வீடு போச்சு.

பூச்செண்டு தலைவர்கிட்ட போனா. "தம்பி, நான் எதுவும் கேக்கல. மலைக்குப் போறதுக்குப் பழகுறேன்."

"நல்லாப் பழகுங்க மதினி. வெளிய மட்டும் சொல்லாதீங்க"ன்னாரு காத்தமுத்து. அவரு வெளிய சொல்லாதீங்கன்னா ஊருக்கே தெரியும்னு அர்த்தம். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, ஜீப்புக்கு மட்டும் தெரியல.

ம் எங்க?

ம்.

அப்புறம் ரெண்டாந்தடவை ஏறினா. இப்ப எடைக்கல்லோட அம்மிக் குழவியும் சேத்து. தொம்தொம் தொம்தொம். மூச்சு கொஞ்சம்தான் வாங்குது. ஆனா அவ வாயத் தொறக்குறதுக்குள்ள கீழ காத்தமுத்து தொறந்துட்டாரு. "பஸ்ஸு சார். ஊரு வழியாப் போகுது, நிக்க மாட்டேங்குது." அன்னையிலேர்ந்து பஸ்ஸு நின்னுச்சு.

மூணாந்தடவை ஏறினா. அவ இப்ப தடதடதடன்னு ஏறி, தடதடதடன்னு எறங்கி, கீழ நின்னு முகத்தத் தொடச்சுக்கிட்டு இருக்கா, மூச்சு வாங்கவே இல்ல. காத்தமுத்து வேர்த்து விறுவிறுத்து ஓடி வர்றாரு. "என்ன மதினி எறங்கிட்டீங்க? ஜீப்பு இப்பத்தான் ஊருக்குள்ள திரும்புது. கொஞ்சம் மேல போங்க. நர்ஸம்மா தெனம் வரணும்னு கேக்கப் போறோம்."

பூச்செண்டு இன்னொரு தடவை ஏறினா பழகத்தானே செய்யும்னு ஏறிட்டா. நர்ஸம்மாவும் தெனம் வந்தாங்க.

ஊருக்கு ஒரே குஷி. பூச்செண்டுக்கு மாலை போட்டாங்க, கோயில் கொடைத் திருவிழாவுல முன்னால உக்கார வச்சாங்க. பக்கத்துல மலைச்சாமிக்கும் ஒரு நாற்காலி. ஒரு படிகூட ஏறாத மனுசன், வேட்டிய விரிச்சு எப்படி உக்காந்திருந்தாருன்னு நீ பாத்திருக்கணும்.

அப்போ பூச்செண்டு எந்திரிச்சுச் சொன்னா, "நாளைக்கு நான் மலைக்குக் கெளம்புறேன். ஏறிப் பழகிட்டேன்னதும் மஞ்சரி டிக்கெட்டு எடுத்துட்டா."

மேளமே நின்னுபோச்சு.

"அதெப்படி மதினி?"ன்னாரு காத்தமுத்து. "அடுத்த வாரம் ஓடைக்குப் பாலம் கேக்குறதா இருக்கோம். நீங்க இல்லாம யாரு ஏறுறது? பனியில நீங்க வழுக்கி விழுந்தா ஊரு கதி என்ன?" பொம்பளைங்க எல்லாம் வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. "எங்களை விட்டுட்டுப் போயிடாத பூச்செண்டு." பாசம்தான். பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாசம் பாலம் வரைக்கும்தான் போச்சு.

அவ புருசனப் பாத்தா. அவரு தரையப் பாத்து, "நீ போயிட்டா என்னைய யாரு முன்னால உக்கார வைப்பா?"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில பூச்செண்டுக்கு அழுகை வந்துருச்சு. தண்ணி வேணுமா, பஸ்ஸு வேணுமான்னு அதிகாரி வரைக்கும் கேட்டாச்சு. உனக்கு என்ன வேணும்னு கட்டின புருசனுக்கும் கேக்கத் தோணலையேன்னு.

மறுநாள் காலையில பைய மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போனா. உள்ள ஸ்வெட்டரு, கம்பளி, கடலை மிட்டாயி. கண்டக்டரு படியிலயே கைய நீட்டி மறிச்சுட்டாரு. "உங்களை ஏத்தக் கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்காரும்மா." அவ தொட்டி ஏறினதாலதான் அந்த பஸ்ஸு அங்க நிக்குது. அது அவளை விட்டுட்டு எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போகுது.

பூச்செண்டுக்குக் கோவம் வந்துச்சு. வந்தா அவளுக்குக் காது செவந்துரும். விறுவிறுன்னு தொட்டிக்குப் போயி, பையோட தடதடன்னு ஏறி உச்சியில நின்னு கத்தினா. இப்பத்தான் நெசமாவே கோரிக்கை. "நான் மலைக்குப் போகணும். என்னைய விடுங்க. விடலைன்னா எறங்க மாட்டேன்."

கீழ டீக்கடையில ஒருத்தரு அண்ணாந்து பாத்தாரு. "மதினி பழகுது"ன்னு சொல்லிட்டு டீய ஆத்தினாரு.

மறுபடி கத்தினா. "பாட்டெல்லாம் பாடிக்கிட்டு ஏறுது இன்னைக்கு"ன்னு யாரோ சிரிச்சாங்க.

அந்த நேரம் பாத்து ஜீப்பு வந்துச்சு. அதிகாரி தலைய வெளிய நீட்டினாரு. காத்தமுத்து ஓடிப் போயி, "இது சும்மா சார், கணக்குல வராது. பாலத்துக்கு அடுத்த வாரம் ஏறும், அப்ப வாங்க"ன்னாரு. அதிகாரி தலைய ஆட்டிட்டு டுர்ர்ர்ருன்னு போயிட்டாரு.

கேட்டியா? கேக்காதப்ப எல்லாம் வந்துச்சு. வாயத் தொறந்து கேட்டா, ஒரு நாயிகூடத் திரும்பல.

பூச்செண்டு மேலயே உக்காந்துட்டா. காத்து அடிக்குது. கொஞ்ச நேரம் யாராவது வருவாங்களான்னு பாத்தா. யாரும் வரல, யாரும் பாக்கல. அப்பத்தான் அவளுக்கு மண்டையில டக்குன்னு உறைச்சுது. அட, யாருமே பாக்கலையே.

பைய இறுக்கிக் கட்டினா. எறங்கினா. ஊருக்குள்ளேயே, பட்டப்பகல்ல, நடுரோட்டுல நடக்க ஆரம்பிச்சா. தொம். தொம். தொம்.

"என்ன மதினி, பழகுறீங்களா?"

"ஆமா."

"நல்லாப் பழகுங்க."

கோயிலத் தாண்டினா. "பழகுறியா பூச்செண்டு?" "ஆமாக்கா." பாலம் இல்லாத ஓடையில எறங்கி ஏறினா. காத்தமுத்து எதிர்ல வந்தாரு, சந்தோசமா ஒதுங்கி வழி விட்டாரு. "பாரம் பத்துமா மதினி? இன்னும் ரெண்டு கல்லு போட்டுக்குங்க"ன்னாரு. மில்லு வாசல்ல மலைச்சாமி நின்னுக்கிட்டு, "சீக்கிரம் திரும்பு, ரசம் வைக்கணும்"னாரு. "நீங்களே வச்சுக்குங்க, மொளகு கொஞ்சமாப் போடுங்க"ன்னா. சும்மா சொல்றான்னு நெனச்சு அவரு சிரிச்சாரு.

அப்படியே ரயில் நிக்கிற ஊரு வரைக்கும் நடந்துட்டா. பழகின காலுல்ல.

ம் சொல்றியா, தூங்கிட்டியா?

ம்...

பாதி ம்தான் வருது. சரி, போதும்.

அப்புறம் அடுத்த வாரம் ஜீப்பு வந்துச்சு. ஏற ஆளில்ல. காத்தமுத்தே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறினாரு. பாதிப் படியில கீழ பாத்துட்டாரு. கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு கண்ண இறுக்கி மூடிட்டாரு. "கோரிக்கை என்னங்க?"ன்னு அதிகாரி கேட்டாரு. "என்னைய எறக்கி விடுங்க"ன்னாரு காத்தமுத்து. அந்தக் கோரிக்கை உடனே நெறவேறுச்சு.

அங்க, மலையில, மஞ்சரிக்கு மொத கணவாயிலயே நாக்கு தள்ளிருச்சு. "சித்தி, நில்லு சித்தி"ங்குறா. சித்தி, தொம் தொம்னு மேல போறா. ரெண்டாவது கணவாயில ஊசி ஊசியாக் குளிரு. சேலை மேல ஸ்வெட்டரு, அதுக்கு மேல கம்பளி, மூக்கு மட்டும் வெளிய. அவளுக்கும் மூச்சு வாங்குச்சு, இல்லைன்னு சொல்லல. உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, மூணாவது கணவாய் உச்சிக்கும் போய்ச் சேந்துட்டா. சுத்திலும் பனி. மலைக்காரங்க வேண்டிக்கிட்டுக் கயித்துல கட்டின கலர்த்துணி எல்லாம் படபடபடன்னு அடிக்குது.

கூட வந்த மலைக்காரரு ஏதோ சொன்னாரு. மஞ்சரி மூச்ச இழுத்து இழுத்து அதத் தமிழ்ல சொன்னா. "சித்தி, இவ்வளவு ஒசரம் ஏறி வந்தவங்க இங்க ஏதாவது ஒண்ணு கேட்டுக்கலாமாம். உனக்கு என்ன வேணும்?"

பூச்செண்டு அவளத் திரும்பிப் பாத்தா. கண்ணு நெறஞ்சுபோச்சு. பக்கத்துல முந்திக்கிட்டுப் பதில் சொல்ல யாரும் இல்ல. நல்லா யோசிச்சா, அவசரமே படல.

"ஒண்ணும் வேணாம் தாயி. அதான் வந்துட்டேனே"ன்னா.

சொல்லிட்டு பைய எறக்கி வச்சு, அங்கேயே ஒரு கல்லு மேல சும்மா உக்காந்துக்கிட்டா. அவ உக்காந்ததும் கதையும் உக்காந்துருச்சு. இனி அதை எழுப்பக் கூடாது. நீயும் கண்ண மூடு, தூங்கு.